சால்டரின் மேற்பரப்பைப் படிக்கும் முறை

சர்க்யூட் போர்டு தயாரிக்கும் தொழிற்சாலைகளில் யாரும் கணக்கில் எழுதாத சேதம் டச்-அப் மேசையில் நடக்கிறது. பரிசோதகர் உருப்பெருக்கியின் கீழ் ஒரு சால்டர் இணைப்பைப் பார்க்கிறார். மேற்பரப்பு மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருக்கிறது. நடுவில் மெல்லிய கீறல் ஒன்று ஓடுகிறது. சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, போர்டை அடுத்த மேசைக்கு நகர்த்துகிறார். அங்கே இருப்பவர் ஃப்ளக்ஸ் தடவி, சால்டரிங் அயர்னை வைத்து, பளபளப்பு வரும்வரை உருக்குகிறார். போர்டு தேறிவிட்டதாக இருவரும் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு நல்ல இணைப்பு அந்தச் சில வினாடிகளில்தான் பலவீனமானது. பேடிலிருந்த செம்பு இன்னும் கொஞ்சம் கரைந்து சால்டருக்குள் போயிற்று. செம்புக்கும் சால்டருக்கும் இடையே உள்ள, எளிதில் உடையும் சேர்ம அடுக்கு இன்னும் தடித்தது. பேடைப் போர்டோடு பிடித்திருக்கும் ரெசின் இன்னொரு முறை வெந்தது.

காரீயமற்ற சால்டரில் கண்ணுக்கு உறுத்தும் எல்லாமே பழுதல்ல. உண்மையான பழுதுகள் சில கண்ணை உறுத்துவதும் இல்லை. இரண்டையும் பிரித்தறிவதற்கு இந்த அத்தியாயம்.

பளபளப்பை நம்பும் பழக்கம் முட்டாள்தனத்தால் வந்ததல்ல. 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த பழைய சால்டர் 183 டிகிரி செல்சியஸில் மொத்தமாக உருகும். அதே வெப்பத்தில் மொத்தமாக உறையும். இடைநிலை கிடையாது. அதனால் உறைந்த பரப்பு வழவழப்பாக மின்னும். அது மங்கினால், சூடு போதவில்லை, அல்லது உறையும்போது ஆடிவிட்டது, அல்லது அழுக்கு கலந்துவிட்டது என்று பொருள். அந்த உலோகத்துக்கு அந்த விதி சரியானது. 2006 ஜூலை 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஹெச்எஸ் ஆணை நடைமுறைக்கு வந்து, ஒரு பொருளின் ஒவ்வொரு சீரான பகுதியிலும் காரீயம் எடையில் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றானபோது உலோகமே மாறியது. இந்தியாவும் 2011-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் இதே வரம்பைச் சேர்த்தது. ஐரோப்பிய ஆணை வந்த அதே 2006-இல்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த வட்டாரத்தில் அதன்பின் எழுந்த மின்னணு ஆலைகளில் பயிற்சி பெற்றவர்களுக்குக் காரீயமற்ற சால்டர்தான் அன்றாடம். இருந்தும், 'மின்னினால் நல்லது' என்ற பழைய அளவுகோல் பயிற்சியாளர் வாய்வழியே இன்றும் புதியவர்களுக்கு வந்து சேர்கிறது.

உறையும்போது நடப்பது என்ன

இன்று மிகப் பரவலாக உள்ள கலவை எஸ்ஏசி305. அதில் 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, 0.5 விழுக்காடு செம்பு. இந்த மூன்று உலோகங்களும் ஒரே வெப்பத்தில் உறையும் விகிதம் ஏறக்குறைய 3.5 விழுக்காடு வெள்ளியும் 0.9 விழுக்காடு செம்பும் என்று அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கில் கணித்தனர். எஸ்ஏசி305-இல் வெள்ளியும் செம்பும் அந்த விகிதத்தைவிடக் குறைவு. அதனால் அது 220 டிகிரிக்கும் 217 டிகிரிக்கும் இடையே இரண்டு கட்டமாக உறைகிறது.

முதலில் ஏறக்குறைய தூய வெள்ளீயம் கிளைவிட்டு வளரும் படிகங்களாக எழுகிறது. இவற்றை டெண்ட்ரைட் என்பார்கள். வெள்ளியும் செம்பும் செறிந்த மிச்சத் திரவம் அந்தக் கிளைகளின் இடுக்குகளில் தங்கி, கடைசியில் உறைகிறது. பெரும்பாலான உலோகங்கள் உறையும்போது கொஞ்சம் சுருங்கும். கடைசித் திரவம் சுருங்கும்போது அதன் இடத்தை நிரப்பப் புதுத் திரவம் வர வழியில்லை. அது இடுக்குகளுக்குள் உள்வாங்குகிறது. முன்பே உறைந்த கிளைகள் மேலே துருத்தி நிற்கின்றன. பரிசோதகர் காணும் சொரசொரப்பு அந்தக் கிளைகளின் நுனி. ஒளி அதில் பட்டுச் சிதறுவதால் மங்கல் தெரிகிறது. கலவை உறைந்த விதத்தின் இயல்பான அடையாளம் இது. சூடு குறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சுருங்குதல் ஓரிடத்தில் குவிந்தால் அங்கே சிறு பிளவு விழும். லைனில் இதை ஹாட் டியர் என்றும் ஷ்ரிங்க் ஹோல் என்றும் சொல்கிறார்கள். இங்கே சுருக்கப் பிளவு என்று வைத்துக்கொள்வோம். உருகிய சால்டர் அலையின் மேல் போர்டை ஓட்டும் வேவ் சால்டரிங்கில், சால்டர் அதிகம் சேரும் இணைப்புகளில், பின்னைச் சுற்றி ஏறி நிற்கும் ஃபில்லட்டின் தடித்த பகுதியில், கடைசியாகக் குளிரும் இடத்தில் இது தோன்றும். போர்டு மெதுவாகக் குளிர்ந்தால் பிளவு பெரிதாகும்.

இந்தப் பிளவைக் கண்டு முதலில் பதறாத ஆட்கள் குறைவு. விரிசல் என்றால் இணைப்பு பிரிகிறது என்றுதானே தோன்றும்? ஐபிசி-ஏ-610 தரநூல் 2005-இல் வெளிவந்த டி பதிப்பில் காரீயமற்ற இணைப்புகளுக்குத் தனி அளவுகோல்களைச் சேர்த்தபோது இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தந்தது. பிளவின் அடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிளவு, பாகத்தின் காலையோ பேடையோ துளையின் செம்புச் சுவரையோ தொடக் கூடாது. இந்த இரண்டும் நிறைவேறினால், பொம்மைக்கான போர்டானாலும் மருத்துவக் கருவிக்கான போர்டானாலும், தரநூலின் மூன்று வகுப்புகளிலும் அது ஏற்கத்தக்கதே. அடி தெரியாத ஆழமான பிளவும், காலைத் தொட்ட பிளவும்தான் பழுது. காரணம் எளிது: இணைப்பின் வலிமை சால்டரும் செம்பும் சேரும் எல்லையில் இருக்கிறது. வெளிப்பரப்பின் நடுவில் நின்றுவிட்ட பிளவு அந்த எல்லையை எட்டவில்லை.

எனவே பரிசோதகரின் கேள்வி 'பிளவு இருக்கிறதா' என்பதாக இருக்கக் கூடாது. 'பிளவு எதைத் தொடுகிறது' என்பதாக இருக்க வேண்டும். போர்டைச் சற்றுச் சாய்த்து, ஒளி பிளவுக்குள் விழும்படி பிடித்தால் பெரும்பாலானவற்றின் அடி தெரிந்துவிடும்.

மங்கலே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு கலவையும் உண்டு. ஜப்பானின் நிஹான் சுப்பீரியர் நிறுவனத்தைச் சேர்ந்த டெட்சுரோ நிஷிமுரா 1990-களின் பிற்பகுதியில் எஸ்என்100சி என்ற சால்டரை உருவாக்கினார். வெள்ளீயத்தில் 0.7 விழுக்காடு செம்பு, 0.05 விழுக்காடு நிக்கல், துளியளவு ஜெர்மேனியம். வெள்ளி கிடையாது. அந்தச் சிட்டிகை நிக்கல், கலவை உறையும் விதத்தையே மாற்றி, முழுவதும் ஏறக்குறைய ஒரே கட்டமாக உறையச் செய்கிறது. பரப்பு வழவழப்பாகவும், பிளவுகள் அரிதாகவும் இருக்கும். செம்பைக் கரைக்கும் வேகமும் இதற்குக் குறைவு. இதன் உருகுநிலை 227 டிகிரி, எஸ்ஏசி305 உருகத் தொடங்கும் 217-ஐவிடப் பத்து டிகிரி அதிகம் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. வேவ் சால்டரிங்கில் அந்தப் பத்து டிகிரியைச் சமாளிக்கலாம். சால்டர் பேஸ்டை அச்சிட்டு அடுப்பில் உருக்கும் ரீஃப்ளோவில், சூடு தாங்காத பாகங்கள் உள்ள போர்டுகளில் யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

தூக்கிய ஓரம்

துளைவழிப் பாகங்களில் தெரியும் இன்னொரு அடையாளம் ஃபில்லட் லிஃப்ட். போர்டின் பாகம் அமர்ந்த பக்கத்தில், சால்டரின் ஓரம் பேடை விட்டு மெல்லிய இடைவெளியோடு மேலே நிற்கும். வேவ் சால்டரின் சூட்டில் எஃப்ஆர்4 போர்டு அதன் தடிப்பு வாட்டத்தில் வெகுவாக உப்புகிறது; அதன் ரெசின் இளகத் தொடங்கும் கண்ணாடிநிலை வெப்பத்தைத் தாண்டிவிட்டால் அந்த வாட்டத்தில் அதன் விரிவு செம்பின் விரிவைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் போய்விடும். குளிரும்போது போர்டு கீழே அமர்கிறது; அதோடு பேடும் இறங்குகிறது. துளையின் செம்புச் சுவர் உள்ளிருந்து சூட்டைக் கடத்திக்கொண்டே இருப்பதால், பேடை ஒட்டிய சால்டர்தான் கடைசியில் உறைகிறது. இன்னும் முழுதாக உறையாத அந்த எல்லையில் பிரிவு விழுகிறது.

காரீயம் கொஞ்சம் கலந்துவிட்டால் நிலைமை மோசமாகும். வெள்ளீயம், வெள்ளி, காரீயம் மூன்றும் சேர்ந்த மிச்சத் திரவம் 180 டிகிரிக்கும் சற்றுக் கீழே வரை உறையாமல் இருக்கும். அவ்வளவு நேரமும் போர்டு சுருங்கிக்கொண்டே போகிறது. பிஸ்மத் கலந்த சால்டரிலும் இதே கதை. பழைய இருப்பிலிருந்து வந்த, காரீயப் பூச்சுள்ள பாகங்களைக் காரீயமற்ற லைனில் ஓட்டும் சிறு பட்டறைகளில் திடீரென்று ஃபில்லட் லிஃப்ட் கூடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பாகப் பக்கத்து ஃபில்லட் லிஃப்டைத் தரநூல் ஏற்கிறது, பேடின் பிடிப்பு சேதமாகாதவரை. மின்சாரத்தைச் சுமப்பதும் பாகத்தைப் பிடித்திருப்பதும் துளைக்குள் நிரம்பிய சால்டர் என்பதால் இது நியாயமான முடிவு. சால்டர் பேடோடு ஒட்டியபடி, பேடே போர்டிலிருந்து கிளம்பியிருந்தால் அது வேறு விஷயம். அங்கே பேடோடு சேரும் செம்புத் தடம் அறுந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது.

துளைகள் இரண்டு வகை

சுருக்கப் பிளவையும் வாயு வெடித்த துளையையும் பலர் ஒரே பெட்டியில் போடுகிறார்கள். இந்தக் குழப்பம் நாட்கணக்கில் நேரத்தை விழுங்கும், ஏனென்றால் ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பலிக்காது. சுருக்கப் பிளவு ஒழுங்கற்ற கோடாக இருக்கும். உள்ளே பார்த்தால் படிகக் கிளைகள் தெரியும். வாயுத் துளை வட்டமாக, உருண்ட விளிம்போடு, ஆழத்திலிருந்து வந்திருக்கும். போர்டு உறிஞ்சி வைத்திருந்த ஈரம் சால்டர் சூட்டில் நீராவியாகி, துளைச் சுவரின் செம்புப் பூச்சு மெலிந்த இடத்தை உடைத்து வெளியேறிய வழி அது. சுவரில் செம்பு 25 மைக்ரான் அளவுக்கு ஒழுங்காக ஏறியிருந்தால் நீராவிக்கு வழி கிடைக்காது. போர்டுகளை 105 முதல் 120 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்திப் பார்த்தால் துளைகள் குறையும். ஆனால் அது அன்றைய ஷிஃப்டைக் காப்பாற்றும் வைத்தியம் மட்டுமே. போர்டு தந்தவரிடம் துளைச் சுவரின் குறுக்குவெட்டுப் படம் கேட்பதுதான் நிலையான வழி.

பேஸ்ட் திராட்சையாகும்போது

ரீஃப்ளோ அடுப்பிலிருந்து வரும் சிறிய இணைப்புகளில் உருகாத குருணைகள் கொத்தாக ஒட்டியிருப்பது தெரியும். கிரேப்பிங் என்று பெயர் வந்தது அந்தத் தோற்றத்தால். பார்த்தவுடன் 'அடுப்பில் சூடு போதவில்லை' என்று சொல்லத் தோன்றும். பலர் உச்ச வெப்பத்தைக் கூட்டி, உச்சத்துக்கு முன் போர்டை இடைச்சூட்டில் வைத்திருக்கும் சோக் நேரத்தையும் நீட்டுகிறார்கள். நோய் இன்னும் முற்றுகிறது.

சால்டர் பேஸ்ட் என்பது நுண்ணிய சால்டர் உருண்டைகளும் ஃப்ளக்ஸும் கலந்த களிம்பு. ஒவ்வோர் உருண்டையின் மேலும் உள்ள ஆக்சைடு தோலை ஃப்ளக்ஸ் கரைத்தால்தான் உருண்டைகள் ஒன்றோடொன்று கலக்கும். 0201, 01005 போன்ற குட்டிப் பாகங்களுக்கு அச்சிடும் பேஸ்ட் மிகக் கொஞ்சம். பேஸ்ட் பொட்டு சிறுக்கச் சிறுக்க, அதன் கன அளவோடு ஒப்பிடக் காற்றுபடும் பரப்பு கூடிக்கொண்டே போகும். வெளி வரிசை உருண்டைகளுக்குக் கிடைக்கும் ஃப்ளக்ஸ் குறையும். 150 முதல் 200 டிகிரி வரை நீண்ட நேரம் காய்ந்தால், இருக்கும் ஃப்ளக்ஸும் சால்டர் உருகும் முன்பே தீர்ந்துவிடும். உள்ளே எல்லாம் உருகிக் கலந்திருக்கும். வெளி வரிசை மட்டும் ஆக்சைடு தோலோடு அப்படியே நிற்கும்.

ஆகவே சோக் கட்டத்தைச் சுருக்கி, உச்சத்துக்கு நேராக ஏறும் வெப்ப வரைவு வேண்டும். அடுப்பில் நைட்ரஜன் ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், செலவைத் தாங்க முடிந்தால். உருண்டையின் அளவும் முக்கியம்: 15 முதல் 25 மைக்ரான் உள்ள டைப் 5 பொடியில், 20 முதல் 38 மைக்ரான் உள்ள டைப் 4 பொடியைவிட ஆக்சைடு பரப்பு அதிகம். நுண்ணிய பொடி எப்போதும் மேலானது என்று வாங்கிவிடாமல், ஸ்டென்சில் துளை அனுமதிக்கும் மிகப் பெரிய பொடியை எடுப்பதே நல்லது.

இதே ஆக்சைடு கோளாறின் கொடிய வடிவம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. பிஜிஏ சிப்பின் அடியில் உள்ள சால்டர் பந்தும் போர்டில் அச்சிட்ட பேஸ்டும் தனித்தனியே உருகி, கலக்காமல், ஒன்றின் மேல் மற்றொன்று சாய்ந்தபடி உறைந்துவிடும். இதற்கு ஹெட்-இன்-பில்லோ என்று பெயர். அடுப்பின் சூட்டில் சிப் வளைந்து பந்து பேஸ்டை விட்டு எழும். அந்த நேரத்தில் அதன் பரப்பு ஆக்சைடாகும். குளிரும்போது மீண்டும் இறங்கி அமரும். இரண்டும் தொட்டுக்கொண்டிருப்பதால் மின் சோதனையில் தேறிவிடும். வாடிக்கையாளர் கையில் போன பிறகு, ஒரு சின்ன அதிர்வில் பிரியும். மேலிருந்து எடுக்கும் எக்ஸ்-ரே படம் இதைப் பெரும்பாலும் காட்டாது. சாய்வுக் கோணத்தில் எடுத்த படமோ, பக்கவாட்டில் நுழைக்கும் சிறு கேமராவோ வேண்டும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியவை

பேட் முழுதும் சால்டர் பரவாமல் செம்போ பூச்சோ தெரிவது, பரவிய சால்டர் பின்வாங்கித் திட்டுத் திட்டாக நிற்பது, உறையும்போது ஆடியதால் ஒரே திசையில் விழுந்த அலைக் கோடுகள், பேஸ்ட் பொடி மொத்தமாக உருகாமலே இருப்பது: இவை எந்தக் கலவையிலும் பழுதுதான். இவற்றை அடையாளம் காணப் பளபளப்பைப் பார்த்துப் பயனில்லை. விளிம்பைப் பார்க்க வேண்டும். சால்டர் செம்பைச் சந்திக்கும் ஓரத்தில் மெலிந்து படர்ந்திருக்கிறதா, அல்லது உருண்டு மடங்கி நிற்கிறதா? காரீயமற்ற சால்டர் பழையதைப்போலத் தாராளமாகப் படராது. கொஞ்சம் செங்குத்தான விளிம்பு அதற்கு இயல்பு, அதையும் தரநூல் சொல்கிறது. ஆனால் 90 டிகிரியைத் தாண்டி உள்நோக்கி மடங்கிய விளிம்பைக் கலவையின் மேல் பழிபோட்டு விட்டுவிட முடியாது. சால்டர் அளவு அதிகமாகிப் பேடின் ஓரத்துக்கு வெளியே பிதுங்கியிருந்தால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு.

தொட்டியின் அடியில்

வேவ் சால்டரிங்கில் பரப்பு திடீரென்று மணல்மணலாக மாறி, ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் சால்டர் தொட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு போர்டும் கொஞ்சம் செம்பைத் தொட்டியில் கரைத்துவிட்டுப் போகிறது. செம்பு 1 விழுக்காட்டை நெருங்கும்போது, செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த ஊசிப் படிகங்கள் திரவத்திலேயே உருவாகிவிடும். காரீய சால்டர் கனமானது; அந்தப் படிகங்கள் அதில் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். காரீயமற்ற சால்டரோ படிகங்களைவிட லேசானது. அவை அடியில் மூழ்கி, பம்பு வழியாக அலையில் ஏறி, இணைப்புகளில் ஒட்டிக்கொள்கின்றன. பழைய பழக்கத்தில் மேற்பரப்பை மட்டும் வழித்துவிட்டுத் தொட்டி சுத்தம் என்று நம்பினால் பிரச்சினை தீராது.

வெள்ளீயம் மிகுந்த சால்டர் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரிக்கும். இரும்பும் வெள்ளீயமும் சேர்ந்த படிகங்களும் அப்போது இணைப்பில் தென்படும். காரீயத்துக்காகச் செய்த பழைய எந்திரத்தில் புதுச் சால்டரை ஊற்றியவர்கள், பம்பின் இறக்கைகள் மெலிந்து ஓட்டை விழுந்ததைக் கண்டார்கள். டைட்டேனியமோ வார்ப்பிரும்போ கொண்ட தொட்டிகளும், காப்புப் பூச்சிட்ட பாகங்களும் வந்தது அதனால்தான். தொட்டிச் சால்டரின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் செம்பு, இரும்பு, காரீயம் மூன்றையும் தவறாமல் அளந்து வருவது, டச்-அப் மேசையில் இன்னொரு ஆளை நியமிப்பதைவிட மலிவு.

பார்க்கும் முறை

உருப்பெருக்கம் கூடக் கூட எல்லா இணைப்பும் பயங்கரமாகத் தெரியும். பேடின் அகலத்தைப் பொறுத்தே உருப்பெருக்கத்தை ஐபிசி-ஏ-610 வரையறுக்கிறது. 1 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள பேடுக்கு 1.5 முதல் 3 மடங்கு போதும், 0.25 மில்லிமீட்டருக்கும் குறுகிய பேடுக்குத்தான் 20 மடங்கு. பெரிய கனெக்டர் பின்னை 40 மடங்கில் பார்த்து நிராகரிப்பது தரநூலுக்கே விரோதம். விளக்கொளி பரவலாக, நிழல் விழாமல் இருக்கட்டும். தானியங்கிப் பரிசோதனைக் கேமராவைப் பழைய பளபளப்பான போர்டுகளைக் காட்டிப் பழக்கியிருந்தால், அது மங்கலான ஒவ்வொன்றையும் பழுதென்று கத்தும். காரீயமற்ற நல்ல இணைப்புகளின் படங்களைக் கொண்டு மீண்டும் பழக்க வேண்டும்.

ஒவ்வொரு லைனிலும் அதே போர்டு, அதே கலவை, அதே பூச்சில் எடுத்த நல்ல இணைப்புகளின் படங்களைப் பரிசோதகர் கண்ணெதிரே ஒட்டி வைப்பது மிகப் பயனுள்ள வேலை. வேறொரு ஆலையின் படமோ, பாடநூலின் படமோ இதற்கு ஈடாகாது.

டச்-அப் செய்தே தீர வேண்டிய இணைப்பு என்று முடிவானால், ஒரே முறை, குறைந்த நேரம். எஸ்ஏசி305 உருகிய நிலையில் பாயும்போது துளை வாயின் செம்பு முனையைத்தான் முதலில் தின்கிறது. சிறு சால்டர் ஊற்றில் கனெக்டரைக் கழற்றி மாற்றும் வேலையில் சில பத்து வினாடிகள் நீண்டாலே அந்த முனை ஆபத்தான அளவுக்கு மெலிந்துவிடும். வெளியே பார்த்தால் இணைப்பு பளிச்சென்று, முன்பைவிட அழகாக இருக்கும். எனவே எந்தப் போர்டில், எந்த இடத்தில், எத்தனை முறை சூடு வைத்தார்கள் என்பதைப் போர்டின் எண்ணோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

சந்தேகம் தீராதபோது ஒன்றிரண்டு போர்டுகளைப் பலி கொடுக்கத் தயங்க வேண்டாம். குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் பிளவு எங்கே தொடங்கி எங்கே நின்றது என்பது தெரிந்துவிடும். பிஜிஏ-வுக்கு இன்னொரு வழி உண்டு: சிப்பின் அடியில் சிவப்புச் சாயத்தை வெற்றிடத்தின் உதவியால் ஊடுருவச் செய்து, காயவைத்து, சிப்பை நெம்பி எடுப்பது. முன்பே பிரிந்திருந்த இணைப்புகளின் முகத்தில் மட்டும் சாயம் ஏறியிருக்கும். நெம்பியதால் உடைந்தவை வெள்ளி நிறத்தில் இருக்கும். எந்தப் பந்தில் எத்தனை பங்கு சிவந்திருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டால், மூலைப் பந்துகள் மட்டுமா, ஒரு பக்கம் முழுவதுமா, நடுவிலா என்பது புலப்படும். மூலைகளில் குவிந்திருந்தால் சிப் வளைந்ததை ஆராயலாம்; ஒழுங்கின்றி ஆங்காங்கே சிதறியிருந்தால் பேஸ்ட் அச்சையும் பந்துகளின் ஆக்சைடையும் ஆராயத் தொடங்கலாம்.